வேலியடையாத வயல்கள்: லக்ஸ்ரன் கிராமத்தின் வரலாறு

இங்கிலாந்தின் சரித்திரத்தைக் கற்போர் மன்னரையும் பாராளுமன்றத்தையும் அறிந்த அளவிற்கு அந்நாட்டு உழவரை அறியார். உழவர் சாசனம் பொறித்திலர். அவர் வரலாறு மண்ணிலேயே எழுதப்பட்டது. அம்மண்ணெழுத்து இன்றும் அழியாது நிற்கும் ஊர், நொற்றிங்காம்சயர்ப் பகுதியிலுள்ள லக்ஸ்ரன் என்னும் சிற்றூராகும். 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே பதிவேட்டில் இவ்வூர் இடம்பெற்றுளது. ஊரின் வடபால் நோர்மானியர் எழுப்பிய கோட்டையின் மண்மேடும் உளது. எனினும், அறிஞர் இவ்வூரை நாடிச் செல்வது கோட்டையின் பொருட்டன்று, வயல்களின் பொருட்டேயாம்.

இடைக்காலத்தில் மத்திய இங்கிலாந்தின் கிராமங்கள் பலவற்றில் வயல்கள் தனித்தனி வேலிகொண்டு அடைக்கப்பட்டில. ஊரைச் சூழ்ந்து இரண்டோ மூன்றோ பெருவயல்கள் பரந்து கிடந்தன. ஒவ்வொன்றும் நீண்டொடுங்கிய கீற்றுகளாகப் பிரிக்கப்பட்டு, ஓருழவனுடைய கீற்றுகள் எல்லா வயல்களிலும் சிதறிக் கிடந்தன. எருதுகள் இளைப்பாறாது இழுக்கவல்ல உழவுசாலின் நீளமே பர்லாங்கு எனப்பட்டது. முன்னாளில் நம் வீதிகளின் தூரத்தை அளந்த அச்சொல் ஆங்கில உழவனின் கலப்பையினின்றும் பிறந்ததென்பதை நம்முட் பலர் அறியார். ஓராண்டு கோதுமை, மறு ஆண்டு வேனிற் பயிர், மூன்றாமாண்டு தரிசு என முறை சுழன்றது. அறுவடை முடிந்த வயலிலும் தரிசிலும் ஊரார் அனைவரின் கால்நடைகளும் ஒருங்கு மேய்ந்தன. ஆதலின், ஒருவன் தான் விரும்பியதை விரும்பிய காலத்தில் விதைத்தல் இயலாது. அயலவனோடு ஒத்துப்போதல் அங்கே நற்குணம் மட்டுமன்று. அஃதின்றேல் அடுத்த ஆண்டு உணவுமில்லை.

1635ஆம் ஆண்டில் லக்ஸ்ரன் சேர் வில்லியம் கோட்டீன் என்னும் இலண்டன் வணிகரின் உடைமையாக இருந்தது. அதே ஆண்டில் கிழக்கிந்தியக் கொம்பனிக்குப் போட்டியாகக் கீழ்த்திசை வாணிகத்துக்கு அரசனிடம் உரிமை பெற்றவரும் இவரே. தம் நிலத்தின் அளவை அறிய விரும்பி மார்க் பியர்ஸ் என்பவரைக்கொண்டு இவர் வரைவித்த பெரும்படம் இன்று ஒக்ஸ்போட் போட்லியன் நூல்நிலையத்தில் உளது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கீற்றுகள் அதிற் காட்டப்பட்டுள்ளன. உழுவோரும் மேய்ப்போரும் அதில் உயிரோவியமாகத் தீட்டப்பட்டுள்ளனர். 1938இல் ஓவின் தம்பதியர் திறந்த வயல்கள் பற்றித் தாம் எழுதிய நூலுக்கு இப்படத்தையே பெரிதும் துணைக்கொண்டனர். கீற்றுகள் சிதறிக் கிடந்தமைக்குச் சமபங்கீட்டு உணர்ச்சி காரணமன்று, கூட்டுழவின் வசதியே காரணம் என்பது அவர்தம் கொள்கை. பின்வந்தோர் சிலர் இதனை மறுத்தனர். யாதாயினும், இங்குச் சமத்துவப் பொற்காலம் நிலவிற்றெனக் கற்பனை செய்தல் தகாது. பலர் குத்தகைக் குடிகளே. ஒருவர்க்குக் கீற்றுகள் பல, மற்றொருவர்க்குச் சில.

இவ்வயல்முறை ஊரின் தோற்றத்தையே வகுத்தது. நிலம் எல்லாத் திசையிலும் சிதறியிருந்தமையால் உழவர் வயல் நடுவே குடியிருத்தல் பொருந்தாது. எனவே, பண்ணை வீடுகள் ஊர்த் தெருவின் இருமருங்கும் அணித்தணித்தாக அமைந்தன. வேலியடைப்புற்ற ஊர்களிலோ காலப்போக்கில் உழவர் பலர் தெருவைவிட்டுத் தத்தம் நிலத்தின் நடுவே குடிபெயர்ந்தனர். லக்ஸ்ரனில் அயலவன் அயலவனாகவே இருந்தான்.

அயலவரிடையே பிணக்கும் உண்டன்றோ? அதனைத் தீர்ப்பது கோட் லீற் என்னும் ஊர்மன்றம். ஆண்டுதோறும் கார்த்திகை, மார்கழியளவில், தலைவர் ஒருவரும் பன்னிரு யூரரும் புதிதாகக் கோதுமை விதைத்த வயலைச் சுற்றி வந்து, எல்லை குறிக்கும் முளைகளை அறைவர். பாதைமீதோ பொதுப் புற்றரைமீதோ ஒரு சால் மிகுதியாக உழுதவன் பெயர் குறிக்கப்படும். ஒரு கிழமை சென்றபின் 'புறாக்கூடு' என்னும் பொருளுடைய பெயர்கொண்ட தவறணையில் மன்றம் கூடித் தண்டம் விதிக்கும். தண்டம் சிறுதொகையே, ஊரார்முன் பெயர் கூறப்படுதலே பெருந்தண்டம் எனலாம். 1977ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய பழைய மன்றங்களின் அதிகாரத்தை நீக்கியபோதும் லக்ஸ்ரன் மன்றத்துக்கு விலக்களித்தது.

இஃது எவ்வாறு எஞ்சியது? 1604 முதல் 1914 வரை ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களைப் பாராளுமன்றம் நிறைவேற்றிற்று. ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர் நிலம் இவ்வாறு அடைக்கப்பட்டது. விளைச்சல் பெருகிற்று, பொது மேய்ச்சலை நம்பியிருந்த ஏழைகளோ கூலிகளாயினர். லக்ஸ்ரனிலும் ஒரு பகுதி அடைபட்டதுண்டு. எஞ்சியது காக்கப்பட்டமைக்குப் பழமைப் பற்றைக் காரணங்கூறுவோர் உளர். உண்மை அத்துணை அழகுடையதன்று. மான்வர்ஸ் பிரபு, ஸ்காபரோ பிரபு என்னும் இருவரின் நிலங்கள் அங்குக் கலந்து கிடந்தன. இருவரும் ஓருடன்பாட்டுக்கு வந்திலர். பெரியோரின் இணக்கமின்மையால் சிறியோரின் வழக்கம் பிழைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மான்வர்ஸ் குடும்பத்தார் கீற்றுகளை ஒன்றுசேர்த்துப் பெரியனவாக்கினர். ஆயினும், மூன்று வயல்களையும் மன்றத்தையும் அழித்திலர். இன்று அவ்வயல்கள் ஏறக்குறைய 480 ஏக்கர்.

1952இல் அரசாங்கத்தின் விவசாய அமைச்சு இம்முறையைப் பேணும் நோக்குடன் ஊரை விலைக்கு வாங்கியது. 1981இல் முடிக்குரிய நிலங்களைப் பரிபாலிக்கும் ஆணையாளர் கைக்கு அது மாறிற்று. 2018இல் அவர்கள் அதனை விற்க முற்பட்டபோது, வாங்குபவர் வயல்முறையைக் காப்பரோ என்னும் கவலை எழுந்தது. அது வீண் கவலையன்று. முளையறைதலும் தண்டமும் மன்றத்தின் பாலனவாயினும், நிலத்தைக் குடிகளுக்குக் குத்தகைக்கு விடுபவர் உடைமையாளரன்றோ? 2020இல் மான்வர்ஸ் குடும்ப வழியினரின் தோர்ஸ்பி பண்ணையே அதனை வாங்கிற்று. 68 ஆண்டுகளின் பின் நிலம் பழைய இல்லத்துக்கு மீண்டது. வயல்களை முன்போலவே மேற்பார்க்கும் பொறுப்பு ஊர்மன்றத்தின்பாலே நின்றது.