ஜீப்ரா பிளெக்கோ: ஆற்றை இழந்த மீனின் வரலாறு

வண்ணமீன் கடையில் 'சக்கர்' என்று கேட்டால், கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும் தென் அமெரிக்கக் கெளுத்தியைத் தருவார்கள். அதே குடும்பத்தில் பிறந்தும் பாசியை விடப் புழுவையும் இறைச்சியையும் விரும்புவது ஜீப்ரா பிளெக்கோ. உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளை வரிகள்.

பிரேசிலில் ஷிங்கு ஆற்றின் 'வோல்டா கிராண்டே' என்ற பெரிய வளைவுதான் இதன் பூர்வீகம். பெயர் தெரியாமல் வந்திறங்கிய கெளுத்திகளுக்கு 'டாட்ஸ்' என்ற ஜெர்மன் இதழ் 1988 முதல் எண் கொடுத்து வந்தது. இதன் எண் 46. அறிவியல் பெயர் 1991-ல்தான் கிடைத்தது.

அழகால் விலை ஏறியது, பிடிப்பதும் கூடியது. 2004-ல் பிரேசில் இதை அழியும் ஆபத்திலுள்ள மீன்களின் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கடத்தல் நிற்கவில்லை. 2011-ல் பெலோ மோன்டே அணை வேலை ஆரம்பமானது. 2016-ல் மின் உற்பத்தி தொடங்கியதும், வளைவுக்குப் போக வேண்டிய தண்ணீரில் பெரும்பகுதி மின் நிலையத்துக்குத் திருப்பப்பட்டது.

இதற்குள் மீன் வளர்ப்பவர்கள் வீட்டுத் தொட்டியிலேயே இதைக் குஞ்சு பொரிக்க வைத்திருந்தார்கள். சுமார் 30 டிகிரி சூடு, நல்ல நீரோட்டம், உடம்பு மட்டும் நுழையும் சின்னக் குகை வேண்டும். முட்டைகளை ஆண் மீன்தான் காவல் காக்கும். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் என்பதால் பெருக்கம் மெதுவாகத்தான் நடக்கும்.

2022-ல் பனாமாவில் நடந்த சைட்டீஸ் மாநாடு, ஆற்றில் பிடித்த ஜீப்ராவை நாடு விட்டு நாடு விற்பதற்கான ஒதுக்கீட்டைப் பூஜ்யமாக்கியது. தொட்டியில் பிறந்ததை உரிய அனுமதியுடன் விற்கலாம்.

தொட்டிகளில் இந்த மீன் பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஷிங்குவின் வளைவில் தண்ணீர் ஓடாவிட்டால், அதைத் திரும்பக் கொண்டுபோய் விட இடம் இருக்காது.