ஸ்டீம்பாய்: நீராவி நிறைய, கதை கொஞ்சம்

'அகிரா' எடுத்த கட்சுஹிரோ ஓட்டோமோ, ஏறக்குறைய பத்து வருஷம் உழைத்து 2004-ல் வெளியிட்ட அனிமே 'ஸ்டீம்பாய்'. சுமார் 1,80,000 ஓவியங்களாம்! வால்வு, பிஸ்டன், கசியும் ஆவி என்று ஒவ்வொரு ஃபிரேமையும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

கதை நடப்பது 1866 இங்கிலாந்தில். லண்டனில் ஒரு பெரிய பொருட்காட்சி. அதன் மறைவில் ஆயுத வியாபாரம். நிஜத்தில் கிரிஸ்டல் பேலஸ் பொருட்காட்சி நடந்தது 1851-ல். படத்தில் வரும் ராபர்ட் ஸ்டீபன்சன் 1859-லேயே இறந்துவிட்டார். போகட்டும், கற்பனைக் கதைக்கு அந்த உரிமை உண்டு.

என் குறை வேறு. பொருட்காட்சியில் ஆயுதம் என்பது கற்பனையே இல்லைங்க. 1851-ல் ஜெர்மனியின் க்ரூப் நிறுவனம் அங்கே சுமார் இரண்டு டன் எஃகுக் கட்டி ஒன்றை வைத்தது. கூடவே ஒரு எஃகு பீரங்கியையும் வைத்தது. இருபது வருஷம் கழித்து, பிரான்சுடன் நடந்த போரில் பிரஷ்யாவின் கையில் இருந்தவை க்ரூப் பீரங்கிகள்.

நல்ல எஃகு செய்தவனுக்கு அதன் குண்டிலும் பொறுப்பு உண்டா? படத்தில் தாத்தாவும் அப்பாவும் சண்டை போடுவது இதற்காகத்தான். நடுவில் நிற்கும் சிறுவன் ரே என்ன நினைக்கிறான்? கடைசிவரை தெரியாது. அவன் பறக்கிறான், லண்டன் இடிகிறது, படம் முடிகிறது.

கோடு எழுதிப் பிழைக்கும் எனக்கு அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. பிஸ்டனுக்குக் கொடுத்த கவனத்தில் பாதியை ரேவுக்குக் கொடுத்திருக்கலாம்.