தன்னிலை, சுகரணம், இயல்பு: உடலின் நலநிலையைச் சுட்டும் தமிழ் மருத்துவச் சொற்கள்

நோய்களின் எண்ணிக்கையை 4448 எனச் சித்த மருத்துவ மரபு வகுத்துரைக்கும். நோயற்ற உடலின் நிலையைச் சுட்டும் சொற்களோ மிகச் சிலவே. இது தமிழுக்கு மட்டும் உரிய குறையன்று. நோயைப் போல நலம் பெயர் கேட்டு நிற்பதில்லை. இன்றைய பேச்சு வழக்கு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. நீரிழிவு உடையவரைச் 'சர்க்கரை இருக்கிறது' என்பர். பரிசோதனையில் நலமாகக் காணப்பட்டவரைச் 'சர்க்கரை இல்லை' என்பர். குருதியில் சர்க்கரை அறவே இல்லாவிடின் உயிர் தரியாது என்பது சொல்பவரும் அறிந்ததே. பொருளின் பெயரே நோயின் பெயராகிவிட்டமையால், நலநிலை இன்மையாகவே உரைக்கப்படுகிறது. 'பிரஷர் இருக்கிறது' என்பதும் இவ்வகையினதே. இந்த வெற்றிடத்தை நிரப்ப வெவ்வேறு காலங்களில் எழுந்த சொற்கள் ஒவ்வொன்றும் நலம் பற்றிய தனித்த கருத்தொன்றைத் தாங்கியுள்ளன.

சித்த மருத்துவத்தில் நலநிலை என்பது விகிதம். வாதம், பித்தம், கபம் ஆகிய மூன்று நாடிகளும் முறையே ஒன்று, அரை, கால் மாத்திரை அளவில் நடப்பது நல்லுடலின் குறி. ஒரு குற்றம் தன் இடத்திலேயே மிகுவதைத் 'தன்னிலை வளர்ச்சி' என்றும், இடம் கடந்து மிகுவதை 'வேற்றுநிலை வளர்ச்சி' என்றும், மீண்டும் அடங்குவதைத் 'தன்னிலை அடைதல்' என்றும் அம்மரபு பகுக்கிறது. 'தன்னிலை' என்னும் சொல் இங்குக் கருதத்தக்கது. அளவுகோல் வேறு மனிதர்களிடமிருந்து பெறப்படுவதன்று. அது அவ்வுடலுக்கே உரியது. பருவம் மாறுந்தோறும் குற்றங்கள் மிகுவதும் அடங்குவதும் எதிர்பார்க்கப்பட்டவையே ஆதலின், நலம் என்பது அசையாத ஒரு புள்ளியாகவும் கொள்ளப்படவில்லை. ஏழு உடற்கட்டுகளுள் சாரத்தை அடுத்து வைக்கப்பெறும் செந்நீரும் இவ்வாறே மிகுதலும் குறைதலும் உடையது. அவ்விரு நிலைகளும் நிறம், விழி, நா முதலிய எண்வகைத் தேர்வுகளால் அறியப்பட்டன. எண்ணிக்கை அங்கு இல்லை. மருத்துவனின் விரலும் கண்ணுமே கருவிகள்.

19ஆம் நூற்றாண்டில் மேலை மருத்துவம் தமிழுக்கு வந்தபோது முற்றிலும் வேறான தேவை எழுந்தது. அமெரிக்க இலங்கை மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார்; மானிப்பாயில் தமிழர்க்கு மருத்துவம் கற்பித்து, பின்னர்ப் பயிற்றுமொழியையும் தமிழாக்கினார். 1873இல் தாய்நாடு திரும்பிய பின்னரும் அவரது மொழிபெயர்ப்புப் பணி தொடர்ந்தது. டால்டனின் உடலியல் நூல் 'மனுஷ சுகரணம்' என்ற பெயரில் 1883இல் வெளிவந்தது. இத்தலைப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. 'சு' என்னும் முன்னொட்டும் 'கரணம்' என்னும் சொல்லும் சேர்ந்ததாகக் கொண்டால், செவ்வையான செயற்பாடு என்று பொருள்படும். கேட்போர் செவியில் 'சுகம்' என்பதும் உடன் ஒலிக்கும். 'சுகமோ?' என்று நலம் விசாரிக்கும் யாழ்ப்பாணத்தில் இவ்வொலிப்பு பயனற்றுப் போயிருக்காது. உறுப்புகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதோடு, நலமுற்ற உடலில் எவ்வாறு இயங்குகின்றன என்பதையும் அத்துறையின் பெயரே அறிவித்துவிடுகிறது.

அச்சொல் நிலைக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டில் இலங்கையில் 'உடற்றொழிலியல்' என்றும் தமிழகத்தில் 'உடலியங்கியல்' என்றும் புதிய ஆக்கங்கள் வழக்கூன்றின. வடமொழிச் சாயல் நீங்கியது. கூடவே நலம் என்னும் கூறும் நீங்கியது. தொழிலும் இயக்கமும் நோயுற்ற உடலுக்கும் பொது அன்றோ? கலைச்சொல்லாக்கத்தில் தூய்மை நோக்கிய நகர்வு பொருள் இழப்பையும் ஏற்படுத்தக்கூடும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று காண்பது அரிது. இரு நாட்டு வழக்குகளும் பிரிந்ததை வேறு சொற்களிலும் காணலாம்: தமிழகத்தின் 'இரத்த அழுத்தம்' இலங்கையில் 'குருதியமுக்கம்', இங்கு 'இரத்தசோகை', அங்குக் 'குருதிச்சோகை'.

'நார்மல்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஈடு காண்பதில் சிக்கல் இன்னும் பெரிது. அதன் மூலமான இலத்தீன் சொல் தச்சரின் மூலைமட்டத்தைக் குறித்தது. இலங்கைப் புள்ளியியல் நூல்கள் வழங்கும் 'செவ்வன் பரம்பல்' என்னும் தொடர், செம்மை என்னும் அடியின் வழியே அப்பழம் பொருளைத் தற்செயலாகவேனும் தொட்டுவிடுகிறது. மருத்துவத்திலோ 'இயல்பு', 'சாதாரணம்' ஆகிய இரண்டும் வேறுபாடின்றிப் புழங்குகின்றன. அவை ஒன்றல்ல. இயல்பு என்பது பொருளின் தன்மை. சாதாரணம் என்பது பலரிடத்தும் காணப்படுவது.

இவ்வேறுபாடு அகராதியோடு நிற்பதன்று. 1852இல் ஃபியரோர்ட் குருதிச் சிவப்பணுக்களை எண்ணிக் காட்டினார். 1878இல் கவர்ஸ் ஹீமோகுளோபினை அளக்கும் எளிய கருவியை அமைத்தார். நிறமும் நாடியும் சொன்னதை இனி எண் சொல்லலாயிற்று. உலக சுகாதார நிறுவனம் 1968இல் 100 மில்லிலிட்டருக்கு ஆண்களுக்கு 13 கிராம், பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11 எனக் கீழ்வரம்பு வகுத்தது. தமிழகத்து மருத்துவமனைப் பேச்சு இவ்வளவை 'பத்து பாயிண்ட் இரத்தம்' என்று தன்வயமாக்கிக்கொண்டது. இத்தொடரில் ஹீமோகுளோபின் என்னும் பொருள் மறைந்து, இரத்தத்தின் கொள்ளளவே குறைந்துவிட்டது போன்ற தோற்றம் எழுகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர். இத்தகைய சமூகத்தில் பத்து பாயிண்ட் இருப்பது சாதாரணம்; ஆனால் இயல்பு அன்று. 'பெண்களுக்கு இது சாதாரணம்தான்' என்னும் ஆறுதல் மொழியில் முதற்பொருள் இரண்டாம் பொருளாக வேடமிட்டு நிற்கிறது; இரும்புச்சத்து மாத்திரை உண்ணப்படாமற் போவதற்கு இச்சொல்லும் ஒரு துணையாகலாம்.

மேலை ஆய்வகவியலும் இம்மயக்கத்தை உணராமல் இல்லை. 1969இல் கிரேஸ்பெக், சாரிஸ் ஆகிய இருவரும் 'நார்மல் அளவு' என்பதைக் கைவிட்டு, ஒப்புநோக்குதற்குரிய அளவு என்னும் பொருள்படும் புதிய தொடரை முன்மொழிந்தனர். நலமுற்றோர் குழுவொன்றின் அளவுகளில் நடுவிலுள்ள 95 விழுக்காட்டை உள்ளடக்குவதே அவ்வீச்சு. எனவே நலமுடையோரிலும் இருபதில் ஒருவர் அதற்கு வெளியே விழுவர். அவர் நோயாளி ஆகார். இக்கருத்துக்குத் தமிழில் 'ஒப்பளவு' என்பது பொருந்தும். எனினும் மக்களுக்கான மருத்துவ எழுத்துகளில் 'இயல்பு அளவு' என்பதே மிகுதியாகத் தொடர்கிறது.

கர்ப்ப காலத்தில் இத்தொடர் மேலும் இடர்ப்படுகிறது. அப்போது குருதி நீர்மம் அணுக்களைக் காட்டிலும் விரைந்து பெருகுவதால் ஹீமோகுளோபின் செறிவு தானே தாழும். 2024இல் உலக சுகாதார நிறுவனம் கர்ப்பத்தின் இரண்டாம் மும்மாதத்துக்கு மட்டும் கீழ்வரம்பை 10.5 கிராமாகத் தளர்த்தியதும் இக்கருத்தைத் தழுவியதே. அம்மாதங்களில் 10.8 காணும் பெண்ணுக்கு, பொதுவாகப் பெண்களுக்குரிய 12 என்னும் வரம்பு 'இயல்பு அளவு' என்ற தலைப்பின்கீழ் அச்சிட்ட தாள் தரப்படுமாயின், அத்தாள் அவரை நோயாளி என்கிறது. அவர் உடலோ சித்த மருத்துவர் சொல்லும் தன்னிலையிலேயே உள்ளது.