பல்லாவரத்துக் கல்லும் பெர்சிவல் ஐயரின் மருமகனும்

இங்கிலாந்து தேசத்தின் குளோஸ்டர்ஷயர் மாவட்டம் தமிழ்த் திருச்சபைக்கு அறிமுகமற்ற இடமன்று. ஆங்கில மக்களுக்கு வேதாகமத்தை மூலமொழிகளினின்று பெயர்த்தளிக்க முற்பட்டு, அதன் பொருட்டு 1536-இல் உயிர் நீத்த வில்லியம் திண்டேல் அம்மாவட்டத்தவரெனக் கொள்ளப்படுகிறார். நற்செய்திப் பேருரையாளர் ஜார்ஜ் விட்பீல்டு 1714-இல் குளோஸ்டர் நகரத்து விடுதியொன்றில் பிறந்தவர். அந்நகரிலேயே 1780-இல் இராபர்ட் ரெய்க்ஸ் ஏழைச் சிறுவருக்கென ஞாயிறு பள்ளியைத் தொடங்கினார். இம்மூவரையும் பற்றித் தேர்வில் எழுதாத இறையியல் மாணவர் அரியர். ஆயின் அம்மாவட்டத்துச் செல்டன்ஹாம் ஊரில் 1834-ஆம் ஆண்டு பிறந்து, நாம் மின்ரயிலில் நாள்தோறும் கடந்து செல்லும் பல்லாவரத்தில் மானிட வரலாற்றின் ஏடொன்றைத் திறந்து வைத்த இராபர்ட் புரூஸ் பூட் என்பாரை நம்மில் அறிந்தோர் எத்தனை பேர்?

பூட் மிஷனெரி அல்லர். 1858-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து, சென்னை மாகாணத்துப் பாறைகளையும் மண்படிவுகளையும் அளந்தறியும் பணியில் அமர்த்தப்பட்டவர். 1863 மே 30 அன்று பல்லாவரத்துப் படைப்பாசறையின் அணிவகுப்புத் திடலுக்கு அண்மையில், சரளைக்கல் தோண்டிய சிறு குழியொன்றிலிருந்து வெளியே எறியப்பட்டிருந்த குவியலில் அவர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். வேறொருவர் காலால் தள்ளிவிட்டுப் போயிருக்கக் கூடிய கல் அது. பூட்டோ அதன் இருபுறமும் மனிதக் கையால் சில்லு பெயர்க்கப்பட்டிருப்பதைக் கண்டார். அது குவார்ட்சைட் என்னும் கடினக் கல்லால் ஆன கைக்கோடரி. பல்லாவரத்துக் குன்றுகளின் பாறையோ முற்றிலும் வேறு வகை. பின்னாளில் சார்னகைட் எனப் பெயர் பெற்றது அதுவே. ஆகவே இக்கல் பிற இடத்திலிருந்து இங்கு வந்து சேர்ந்ததாதல் வேண்டும். அவ்வாண்டு செப்டம்பரில் தம் உடன்பணியாளர் வில்லியம் கிங் என்பாருடன் கொசத்தலை ஆற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் இத்தகைய கருவிகளை மேலும் கண்டார். பழைய கற்கால மனிதர் இந்தியாவில் வாழ்ந்தனர் என்பது இவ்வாறே உலகுக்குத் தெரியவந்தது.

இனி நம் கவனத்துக்குரிய உறவொன்று உண்டு. பூட் 1862-இல் மணந்த எலிசபெத் அம்மையார் பீட்டர் பெர்சிவல் ஐயரின் மகளாவார். 1826-இல் வெஸ்லியன் மிஷனெரியாக இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் கல்விப்பணி ஆற்றி, தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து 1842-இல் அச்சிட்டவர் பெர்சிவல். வேதாகமத் தமிழாக்கத்தில் அவருக்குத் துணைநின்ற தமிழறிஞர், பின்னாளில் ஆறுமுக நாவலர் எனப் போற்றப்பட்ட சைவப் பெரியாரே. அத்திருப்புதல் 1850-இல் வெளிவந்தது. தமிழகத்துச் சபைகள் அதனை ஏற்கவில்லை. 1871-இல் நிறைவுற்ற ஹென்றி பவர் ஐயரின் திருப்புதலே நம் வழிபாட்டில் நிலைபெற்றது. நாவலரோ சைவத்தின் காவலராய் நின்று, மிஷனெரிமாருக்கு வலிய எதிராளியானார். பெர்சிவல் பின்னர் ஆங்கிலத் திருச்சபையில் இணைந்து சென்னைக்கு வந்து, ‘தினவர்த்தமானி’ என்னும் தமிழ் இதழை நடத்தினார். மாநிலக் கல்லூரியிலும் கற்பித்தார். ஆதியாகமத்தைத் தமிழில் பெயர்த்த மாமனாரும், மண்ணில் ஆதி மனிதனின் கைவேலையைக் கண்ட மருமகனும் ஒரே குடும்பத்தினர் என்பதை நான் முதன்முதல் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துச் சற்று நேரம் வாளாவிருந்தேன்.

அக்காலம் அமைதியான காலமன்று. பிரான்சு நாட்டுச் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கருவிகள் மெய்யாகவே மிகத் தொன்மையானவை என 1859-இல் ஆங்கில அறிஞர் ஒப்புக்கொண்டனர். அவ்வாண்டிலேயே டார்வினின் நூலும் வெளிவந்தது. பேராயர் அஷர் கணித்த கி.மு. 4004 என்னும் படைப்பாண்டு 1701 முதல் ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அச்சிடப்பட்டு வந்தமையால், அதனையும் திருவசனமாகவே பலர் எண்ணியிருந்தனர். ஓரக்குறிப்பு அசைந்தபோது வேதமே அசைந்ததாக அஞ்சினர்.

அவ்வச்சம் இன்றும் தீர்ந்தபாடில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் பல்லாவரத்துக் கல்லைப் பற்றிச் சொன்னபோது, கிராமத்துச் சபையினின்று வந்த மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, அந்தக் கல்லைச் செதுக்கியவன் ஆதாமுக்கு முன்னவனா, பின்னவனா?” என்று கேட்டார். வகுப்பு நகைத்தது, அவர் நகைக்கவில்லை. மழுப்பலாக ஏதோ விடை கூறி மணியடிக்கும்வரை காலத்தைக் கடத்தினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். மறுவாரம் அவரிடம் நான் சொன்னது இது: திருமறை கல்லாயுதத்தை அறியாத நூலன்று. சிப்போராள் தன் மகனுக்கு விருத்தசேதனம் செய்தது கூரிய கல்லினால். யோசுவா கில்காலில் பயன்படுத்தியனவும் கற்கத்திகளே. உலோகம் வழக்கில் வந்த பின்பும் புனிதச் சடங்கில் முன்னோரின் கல் விடாது நின்றது. ஆனால் அக்கல் எத்தனை ஆண்டுகட்கு முற்பட்டது என எண்ணிச் சொல்லும் பொறுப்பைத் திருமறை ஏற்கவில்லை. அதனை அதன்மேல் சுமத்தியவர்கள் நாம். மாணவர் முழுவதும் இணங்கினார் என்று கூறமாட்டேன். “அப்படியானால் கிராமத்தில் எப்படிப் பிரசங்கிப்பது?” என்பது அவருடைய அடுத்த கேள்வி. அது முந்தியதினும் கடியது. அதனை நாங்கள் இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பூட் சொன்னவை யாவும் நிலைத்தன என்று கொள்ளலாகாது. சென்னையைச் சூழ்ந்த செம்புரைக்கல் படிவு கடலடியில் உண்டானதென அவர் கருதியது பின்னாளில் ஏற்கப்படவில்லை. ஆயினும் கருவிகள் மனிதர் செய்தவை, மிகப் பழையவை என்னும் அடிப்படை அசையவில்லை. அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு அவர்களின் குழு பல்லாண்டு அகழ்ந்து, அண்டக்கதிர்களால் கல்லில் உண்டாகும் அலுமினிய, பெரிலிய அணுக்களின் அளவைக் கொண்டு காலத்தைக் கணித்தது. அங்குள்ள கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு பழமையுடையவை என 2011-இல் வெளியிட்டனர். பூட் கனவிலும் காணாத எண் அது.

பல்லாவரத்தின் செல்வம் இதனோடு முடியவில்லை. மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயில் அங்கு உண்டு. கால்களையுடைய சுடுமண் ஈமப்பேழைகளை அலெக்சாந்தர் ரீ அங்குக் கண்டார். 2021-இல் பல்லாவரம் தாம்பரம் மாநகராட்சியுள் அடங்கியது. குன்றுகளைக் கல்லுடைப்போர் பெரிதும் தின்றுவிட்டனர். சரளைமேடுகள்மீது வீடுகள் எழுந்துவிட்டன. பூட் திரட்டிய கருவிகளை 1904-இல் அரசு விலைக்கு வாங்கியது. அவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம். நம் மாணவரை ஆண்டுக்கொரு முறையேனும் அங்கு அழைத்துச் செல்வது கடினமன்று. தாம்பரத்திலிருந்து ஒரே ரயில்.

பெர்சிவல் ஐயர் 1882-இல் ஏற்காட்டில் மரித்தார். பணி ஓய்வுக்குப்பின் பூட்டும் அம்மலையூரில் வீடமைத்து வாழ்ந்து, 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் காலமானார். ஏற்காட்டுப் பரிசுத்த திரித்துவ ஆலயத்தில் அவருடைய நினைவுக்கல் உள்ளது.