இளைப்பாறியோர் யாவர்? – வொல்க்ஸ்ரஸ்ட் நகரின் வரலாறு

பேரரசுகளின் வரலாறு தலைநகரங்களில் வகுக்கப்படினும், அதன் சுமையைத் தாங்குவன பெரும்பாலும் எல்லைப்புறச் சிறு நகர்களே. தென்னாபிரிக்காவில், டிராகன்ஸ்பேர்க் மலைத்தொடரின் வடபுறத்தே, மஜூபாக் குன்றின் அண்மையில் அமைந்துள்ள வொல்க்ஸ்ரஸ்ட் அத்தகையதொரு நகராகும். இப்பெயர் போயரின் மொழியில் 'மக்களின் இளைப்பாறல்' எனப் பொருள்படும். அங்கு இளைப்பாறிய மக்கள் யாவர் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1881 பெப்ரவரி 27 ஆம் நாள் போயர் படையினர் மஜூபாவின் உச்சியிலே பிரித்தானியரைத் தோற்கடித்தனர். பிரித்தானியத் தளபதி கொலி அங்கேயே மாண்டார். அவ்வாண்டிலேயே திரான்ஸ்வால் தன்னாட்சியை மீளப் பெற்றது. போருக்குப்பின் போயர் இளைப்பாறிய இடமாதலின், 1888 இல் தோன்றிய நகருக்கு இப்பெயர் வாய்த்தது என்பர். ஆயின், அவ்விளைப்பாறல் அவர்களுக்கும் நிலைக்கவில்லை. 1899 முதல் 1902 வரை நிகழ்ந்த போரின்போது போயர் பெண்களையும் சிறுவர்களையும் பிரித்தானியர் அடைத்துவைத்த முகாம்களுள் ஒன்று இந்நகரிலேயே அமைந்தது.

நேட்டாலிலிருந்து திரான்ஸ்வாலுக்குச் செல்லும் வழியில் எல்லையை அடுத்திருந்தமையால், இந்தியருக்கு இந்நகர் தடைவாயிலாயிற்று. அனுமதியின்றி எல்லை கடந்தோர் இங்கே கைது செய்யப்பட்டனர். 1908 இல் காந்தி இங்குச் சிறையிடப்பட்டார். கிறித்தவ முறைப்படி நடைபெறாத திருமணங்கள் செல்லா என்னும் 1913 மார்ச் மாதத் தீர்ப்பும், ஒப்பந்தக் காலம் முடிந்த தொழிலாளர்மீது சுமத்தப்பட்டிருந்த மூன்று பவுண் வரியும் போராட்டத்தை வலுப்பெறச் செய்தன. திரான்ஸ்வாலிலிருந்து நியூகாசில் சென்ற பெண்கள், பெரும்பாலும் தமிழர், சுரங்கத் தொழிலாளரிடையே பேசி வேலைநிறுத்தத்தைத் தூண்டினர். 1913 நவம்பர் 6 ஆம் நாள் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் சார்ள்ஸ்டவுனிலிருந்து நடந்து எல்லையைக் கடந்து வொல்க்ஸ்ரஸ்டினுள் புகுந்தனர். நான்கே நாட்களில் அவர்கள் புகையிரதங்களில் ஏற்றப்பட்டு நேட்டாலுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்கள் உழைத்த சுரங்கங்களே அவர்களுக்குச் சிறைகளாக்கப்பட்டன. இப்போராட்டத்தில் சிறைசென்று நோயுற்ற இளம்பெண் வள்ளியம்மை, விடுதலையான சின்னாட்களில், 1914 பெப்ரவரி 22 இல் உயிர்நீத்தார். அவ்வாண்டுச் சட்டம் வரியை நீக்கித் திருமணங்களையும் ஏற்றது.

இவ்வெற்றியை நாம் பெருமையுடன் நினைப்பது இயல்பே. எனினும், அதே 1913 இல் நிறைவேறிய நிலச் சட்டம், நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 7 சதவீதமான ஒதுக்கிடங்களுக்கு வெளியே ஆபிரிக்கர் நிலம் வாங்குவதைத் தடுத்தது என்பதையும் மறத்தலாகாது. போயர் சூட்டிய பெயரில் ஆபிரிக்கருக்கு இடமிருக்கவில்லை. இந்தியரின் கோரிக்கைகளிலும் அவர்தம் நிலம் இடம்பெறவில்லை. போயர் வென்றதும் இந்தியர் நடந்ததும் ஆபிரிக்கர் இழந்துகொண்டிருந்த மண்ணின்மீதே. 'மக்கள்' என்னும் சொல்லினுள் யார் யாரைச் சேர்க்கிறோம், யாரை விட்டுவிடுகிறோம் என்று தம்மைத் தாமே வினவுதல் வரலாறு பயில்வோர் அனைவருக்கும் உரிய கடனாகும். வொல்க்ஸ்ரஸ்ட் நமக்கு உணர்த்துவது இதுவே.