மிதிவண்டிப் பின்சக்கரம் கட்டுதல்

மிதிவண்டிப் பின்சக்கரம் கட்டுதல் என்பது குடம் (ஹப்), வளையம் (ரிம்), ஆரக்கம்பிகள் (ஸ்போக்), நிப்பிள்கள் ஆகியவற்றைத் தனித்தனியே தேர்ந்தெடுத்து, ஓட்டுநரின் எடைக்கும் பயன்பாட்டிற்கும் ஏற்பக் கையால் கோத்து, கோட்டமின்றி அமைக்கும் தொழில்நுட்பம் ஆகும். இலங்கை வழக்கில் சக்கரம் 'சில்லு' எனப்படுகிறது. கோணலை நீக்கும் பணி தமிழ்நாட்டு மிதிவண்டிக் கடைகளில் 'பெண்டு எடுத்தல்' என வழங்குகிறது.

சக்கரத்தின் வலிமை உறுப்புகளின் விலையை விட, கம்பிகளின் இழுவிசை போதுமானதாகவும் சீராகவும் இருப்பதையே பெரிதும் சார்ந்துள்ளது. ஆகவே குறைந்த செலவிலும் உறுதியான சக்கரத்தைக் கட்ட இயலும்.

வரலாறு

இழுவிசையால் தாங்கும் கம்பிச் சக்கரத்தை 1808 ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் பொறியாளர் ஜார்ஜ் கேலி கருத்தளவில் வடிவமைத்தார். பிரான்சின் யூஜீன் மேயர் 1869 இல் மிதிவண்டிக்கான கம்பிச் சக்கரத்திற்குக் காப்புரிமை பெற்றார். குடத்தின் தொடுகோட்டுத் திசையில் கம்பிகளைக் கோக்கும் முறைக்கு ஜேம்ஸ் ஸ்டார்லி 1874 இல் காப்புரிமை பெற்றார். இன்றைய பின்சக்கரங்கள் பெரும்பாலும் இம்முறையையே பின்பற்றுகின்றன. ஜாப்ஸ்ட் பிராண்ட் எழுதி 1981 இல் வெளிவந்த 'தி பைசிக்கிள் வீல்' இத்துறையின் முதன்மை நூல்களுள் ஒன்று.

பின்சக்கரத்தின் தனித்தன்மை

பல்வேகப் பின்குடத்தின் வலப்புறத்தில் பற்சக்கரத் தொகுதி இடம் பிடிப்பதால், வலப்புற விளிம்புத்தட்டு நடுக்கோட்டை நெருங்கியும் இடப்புறத் தட்டு விலகியும் அமைகின்றன. வளையமோ சட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும். இருபுறப் பக்கவாட்டு விசைகள் சமனாக வேண்டியிருப்பதால், வலப்புறக் கம்பிகள் கூடுதல் இழுவிசையையும் இடப்புறக் கம்பிகள் குறைந்த இழுவிசையையும் பெறுகின்றன.

நடுக்கோட்டிலிருந்து வலத்தட்டு 20 மி.மீ., இடத்தட்டு 34 மி.மீ. தொலைவில் இருப்பின், இடப்புற இழுவிசை வலப்புறத்தினதில் சுமார் 59% மட்டுமே (20 ÷ 34). வலப்புறம் 110 கிலோகிராம் விசை இருந்தால் இடப்புறம் ஏறத்தாழ 65 கிலோகிராம் விசை இருக்கும்.

எடை ஏறும்போது சக்கரத்தின் அடிப்பகுதிக் கம்பிகள் இழுவிசையை இழக்கின்றன. தொடக்க இழுவிசை குறைவாயின் அவை ஒவ்வொரு சுழற்சியிலும் முற்றிலும் தளர்ந்து மீண்டும் இறுகும். இதனால் நிப்பிள்கள் கழல்வதுடன், கம்பியின் வளைந்த கழுத்துப் பகுதி உலோகச் சோர்வுற்று முறியும்.

உறுப்புத் தேர்வும் செலவும்

* குடம்: பழைய குடத்தைத் தூய்மைசெய்து, குண்டுகளையும் மசகையும் மாற்றிப் பயன்படுத்தலாம். உள்ளிருக்கும் கூம்புகள் குழிவிழாமலும், தட்டுகள் விரிசலின்றியும் இருக்க வேண்டும்.
* வளையம்: வளைந்த பழைய வளையத்தைத் தவிர்க்க வேண்டும். அதை நேராக்கச் சில கம்பிகளை மிகையாக இறுக்க நேரிடும். அப்போது சீரான இழுவிசை கிட்டாது.
* கம்பிகள்: 2.0 மி.மீ. தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் பொதுப் பயன்பாட்டிற்குப் போதுமானவை. நடுவில் 1.8 மி.மீ. ஆக மெலிந்த கம்பிகள் அதே இழுவிசையில் அதிகம் நீள்வதால் எளிதில் தளர்வதில்லை. செலவைக் குறைக்க இவற்றை இடப்புறம் மட்டும் இடலாம்.
* கம்பிகளின் எண்ணிக்கை: எடை மிகுந்தவர்க்கும் சுமை ஏற்றுவோர்க்கும் 32 ஐ விட 36 பொருத்தமானது.

வளையம் மட்டும் பழுதடைந்திருந்தால், அதே பயன்விட்டமுள்ள புதிய வளையத்தைப் பழையதன் பக்கத்தில் ஒட்டுநாடாவால் கட்டி, கம்பிகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றலாம். கம்பிகள் நல்ல நிலையில் இருப்பின் இதுவே மிகச் சிக்கனமான வழி.

கம்பி நீளம்

நீளம் = √(வ² + த² + ந² − 2 × வ × த × கோசைன் கோ) − து

இங்கு,
வ – வளையப் பயன்விட்டத்தின் பாதி
த – தட்டிலுள்ள துளை வட்டத்தின் ஆரம்
ந – நடுக்கோட்டிலிருந்து தட்டின் தொலைவு
கோ – 720° × குறுக்கீடுகள் ÷ மொத்தக் கம்பிகள்
து – தட்டுத் துளையின் ஆரம்

பயன்விட்டம் என்பது எதிரெதிர் நிப்பிள்களில் கம்பி முனைகள் அமையும் இடங்களுக்கு இடைப்பட்ட தொலைவாகும்.

எடுத்துக்காட்டு: பயன்விட்டம் 604, துளை வட்ட ஆரம் 22.5, துளை ஆரம் 1.3 (மி.மீ.), 36 கம்பிகள், மூன்று குறுக்கீடுகள் எனில் கோணம் 60°. மேற்கண்ட தட்டுத் தொலைவுகளுக்கு, வலப்புறம் 290.8 மி.மீ., இடப்புறம் 292.1 மி.மீ. எனக் கிடைக்கும். வாங்க வேண்டியவை முறையே 291, 292 மி.மீ. கம்பிகள்.

கோக்கும் முறை

36 கம்பிகளும் 9 கொண்ட நான்கு தொகுதிகளாகக் கோக்கப்படுகின்றன.

1. வலத்தட்டில் ஒன்றுவிட்டு ஒரு துளையில், தலை வெளிப்புறம் இருக்குமாறு 9 கம்பிகளைச் செலுத்தி, வால்வுத் துளைக்கு அடுத்ததில் தொடங்கி வளையத்தின் ஒவ்வொரு நான்காம் துளையிலும் பொருத்த வேண்டும்.
2. இடத்தட்டிலும் அவ்வாறே செய்ய வேண்டும்.
3. குடத்தைத் திருப்பி, எஞ்சிய வலப்புறக் கம்பிகளை எதிர்த்திசையில் கொண்டுசென்று, இரு கம்பிகளுக்கு மேலாகவும் மூன்றாவதன் கீழாகவும் பின்ன வேண்டும்.
4. இடப்புறம் இதையே செய்து முடிக்க வேண்டும்.

வால்வுத் துளை ஏறத்தாழ இணையான இரு கம்பிகளுக்கு நடுவே அமைந்தால் காற்றடிக்க இடம் கிடைக்கும்.

இழுவிசையும் கோட்டமும்

புரிகளுக்கு எண்ணெய் இட்டு, எல்லா நிப்பிள்களையும் ஒரே அளவு திருகியபின், சுற்றுக்கு அரைத் திருகலாக இறுக்க வேண்டும். தாங்கி இல்லாதோர் மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, தடைக்கட்டைகளை அளவுகோலாகக் கொள்ளலாம். சக்கரத்தை இடவலமாகத் திருப்பி மாட்டிப் பார்த்தால் வளையம் நடுவில் உள்ளதா என்பது புலப்படும்.

வளையம் இடப்புறம் விலகினால் அவ்விடத்து வலப்புறக் கம்பியை இறுக்கியும் இடப்புறக் கம்பியைத் தளர்த்தியும் திருத்துவர். மேடான இடத்தில் அடுத்தடுத்த இட, வலக் கம்பிகள் இரண்டையும் இறுக்க வேண்டும். கோட்டம் 0.5 மி.மீ. அளவிற்குள் இருத்தல் நன்று. இழுவிசைமானி இல்லாவிடில் கம்பிகளைச் சுண்டி, ஒரே பக்கத்துக் கம்பிகள் ஒத்த ஒலி எழுப்புகின்றனவா எனக் கேட்கலாம். வளையத் தயாரிப்பாளர் குறிப்பிடும் உச்ச இழுவிசையை மீறலாகாது.

இறுதியாக, இணையான கம்பிகளை இவ்விரண்டாகக் கையால் வலுவாக அழுத்த வேண்டும். தகைவு நீக்கல் எனப்படும் இது கம்பிக் கழுத்துகளின் எஞ்சிய தகைவைக் குறைக்கிறது. இதன்பின் கோட்டத்தை மீண்டும் சரிபார்த்தல் அவசியம். இதற்குச் செலவேதும் இல்லை. ஆயினும் இதைத் தவிர்த்த சக்கரத்தில் விலையுயர்ந்த கம்பிகளும் விரைவில் முறியக்கூடும்.

இவற்றையும் பார்க்கவும்

* மிதிவண்டி
* சக்கரம்
* உலோகச் சோர்வு