வீட்டுக்குப் பணம் அனுப்பு

மணியார்டர் அனுப்பாதவர் நம்மில் யார்? 2002-ல் வேலை கிடைத்து சூரத் வந்த புதிதில், மாதம் பிறந்தால் தபாலாபீஸ் வரிசையில்தான் நிற்பேன். நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய் கமிஷன். வங்கியில் வேலை பார்ப்பவனுக்கே இந்தக் கதி, ஊரில் அம்மாவுக்குக் கணக்கு கிடையாதே!

அதனால்தானோ என்னவோ, ஏழ்மையைத் தகவல் தொழில்நுட்பம் குறைக்குமா என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கென்யாதான் ஞாபகம் வரும். நைரோபியில் கூலி வேலை செய்தவர்களும் ஊருக்குப் போகிற ஆளிடமோ பஸ்காரரிடமோதான் பணம் கொடுத்தனுப்புவார்கள். போய்ச் சேர்ந்தால் உண்டு.

2005-ல் பிரிட்டிஷ் அரசின் உதவி நிதியோடு வோடஃபோனும் அதன் கென்யக் கூட்டாளி சஃபாரிகாமும் ஒரு சோதனை நடத்தின. நோக்கம் பணம் அனுப்புவதே அல்ல. சிறுகடன் தவணையைக் கைபேசி வழியாகக் கட்ட வைப்பதுதான். ஜனங்களோ அதில் ஒருவருக்கொருவர் பணம் அனுப்பிக்கொண்டார்கள். பிரயாணம் கிளம்புமுன் ஓரிடத்தில் கட்டி, போய் இறங்கிய இடத்தில் எடுத்தார்கள். நிறுவனமும் புரிந்துகொண்டு, 2007 மார்ச்சில் 'வீட்டுக்குப் பணம் அனுப்பு' என்ற விளம்பரத்தோடு எம்-பெசாவை ஆரம்பித்தது. (பெசா என்றால் சுவாஹிலியில் பணம். நம்ம பைசாவுக்குச் சொந்தம்தான்.)

இணையம் வேண்டாம், சாதாரண போன் போதும். பெட்டிக்கடைக்காரர்தான் ஏஜெண்ட். அவரிடம் ரொக்கம் கொடுத்தால் உங்கள் எண்ணில் ஏறும். ரகசிய எண்ணைப் போட்டு அனுப்பினால் ஊரில் இன்னொரு கடையில் ரொக்கமாக எடுக்கலாம். மொத்தப் பணமும் ஒரு அறக்கட்டளையின் பெயரில் வங்கியில் இருக்கும்.

எங்கள் இனம் சும்மா இருக்குமா? 2008 கடைசியில் கென்ய வங்கிகள் முறையிட, அரசு தணிக்கைக்கு உத்தரவிட்டது. கோளாறு ஒன்றுமில்லை என்று 2009-ல் முடிவு வந்தது. வங்கிக்காரனாக இதை எழுத எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். நம்பாமல் வாசலில் நிறுத்தி வைத்தவர்களைப் பெட்டிக்கடை நம்பியது.

பலன்? தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் பல வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். நோய், வேலையிழப்பு என்று அடி விழுந்தபோது எம்-பெசா இல்லாத வீடுகளில் செலவு 7 சதவீதம் சுருங்கியது. இருந்த வீடுகளில் சுருங்கவில்லை, தூரத்துச் சொந்தம் உடனே அனுப்பிவிடுகிறதே! 1,94,000 குடும்பங்கள், அதாவது கென்யக் குடும்பங்களில் 2 சதவீதம், ஏழ்மையிலிருந்து மீண்டதாக 2016-ல் கணக்கிட்டார்கள். பெண்கள் தலைமையில் நடந்த வீடுகளுக்குத்தான் பலன் அதிகம்.

இந்தியாவுக்கு 2013-ல் வந்த எம்-பெசா 2019-ல் மூட்டை கட்டியது. இங்கே அந்த இடத்தை 2016-ல் வந்த யூபிஐ பிடித்துக்கொண்டது.

கென்யாவில் அதே போனில் பிறகு கடனும் வந்தது. நிமிஷத்தில் கிடைக்கும், வட்டியோ கடுமை. சில நூறு ஷில்லிங் பாக்கிக்கெல்லாம் கடன் தவறியோர் பட்டியலில் பெயர் ஏறியது. ஆயிரம் ஷில்லிங்குக்குக் குறைந்த கடனுக்காகப் பெயரை ஏற்றக்கூடாது என்று அங்குள்ள மத்திய வங்கி சொன்னது 2020-ல்தான்.